ஏழாம் எண் மாதிரி

பிப்ரவரி 3, 1986. திங்கள்

பம்பாயிலிருந்து கதிரியக்கப் பாஸ்பரஸ் வந்துவிட்டது. இனி இரண்டு வாரத்துக்கு எனக்கும் டெக்னீஷியன் சூசைராஜுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜலஜா டாக்டர் அனுப்பிய கருப்பை வாய்ப் புற்று மாதிரிகள் இருபத்திரண்டு. எதில் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிட நோயில்லாத பெண்களின் மாதிரி பத்து தேவை, ஒன்பதுதான் தேறியது. எங்கள் ஆய்வகத்தில் ரத்தமோ எச்சிலோ குறைந்தால் வேலை செய்கிறவர்களே கொடுத்துவிடுவது வழக்கம். போன வாரம் நானே ஜலஜாவிடம் போய்ப் பரிசோதனை மேசையில் படுத்தேன். “கல்யாணமாகாத பொண்ணு. இதைவிடச் சுத்தமான கண்ட்ரோல் எங்க கிடைக்கும்?” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். குப்பியில் பெயர் கிடையாது, ஏழு என்ற எண் மட்டும். யாருடையது என்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 5

கதிரியக்கம் பதிகிற ஃபிலிம் மாதிரிகளோடு குளிர்பெட்டிக்குள் போயிற்று. வைரஸ் இருக்கிற தடத்தில் கறுப்புப் பட்டை விழ ஒரு வாரம் ஆகும். போலாரம் பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் ரேடியோதான் பேசிற்று.

பிப்ரவரி 12. புதன்

ஏழாவது தடத்தில் பட்டை. கறுப்பாக, கொழுத்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

எனக்கா? எனக்கா வைரஸ்?

இருட்டறைக்கு வெளியே நின்று சூசைராஜ் கேட்டான்: “மேடம், வந்துச்சா?” வந்தது என்றேன். ஃபிலிம் காய்கிற வரையில் கதவைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 13

எங்கள் பிரிவுத் தலைவர் பத்ரிநாராயணன் சார் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏழுல எப்படிம்மா வரும்? அது நார்மலாச்சே. சூசைராஜ் பிப்பெட் டிப்பை மாத்தாம ஒரு மாதிரிய இன்னொண்ணுல கலக்க விட்டிருப்பான். மொத்த பேட்சையும் தூக்கிப் போடு.” சூசைராஜுக்குத் தற்காலிக வேலை, மார்ச் 31 வரைதான். இனி நீட்டிக்கப் போவதில்லை என்றார்.

சூசைராஜ் என் மேசையருகே வந்து நின்றான். “கைக்கு மேடம், ஏன் என் மேலயே போடுறாங்க? ஒவ்வொரு தடவையும் டிப் மாத்துனேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க?”

நின்றேன். பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை — சே, என்ன பிறவி நான்!

பிப்ரவரி 16. ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து தங்கை யூனிஸ் வீட்டில் சாப்பாடு. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவள் மகள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். “உனக்கென்னக்கா, புருஷனா பிள்ளையா, ஒரு கவலை கிடையாது” என்றாள் யூனிஸ். ரசம் ஊற்றினாள், குடித்தேன்.

அதே கோயிலில்தான் 1972இல் எனக்கும் ஜெயகரனுக்கும், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்கு முன்னால் அவன் வீட்டார் வேறு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். அவன் ராஞ்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். எப்படியும் கல்யாணம் ஆகத்தானே போகிறது என்று நம்பின முட்டாள் நான். அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் யாரும் இல்லை. அவனோடு இருந்த அந்த ஒரு ஆகஸ்டு மாதத்தைப் பற்றி யாருமே கேட்டதில்லை. நானும் மறந்துவிட்டதாக நினைத்துத்தான் ஏழாம் எண்ணாகப் போய்ப் படுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

கட்டுரைகளை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். எத்தனை தடவை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்! உடலுறவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய்ப்பு போதும், வைரஸ் அடித்தட்டுச் செல்லுக்குள் போய்விடும். செல்லைக் கொல்லாது, ரத்தத்தில் இறங்காது. அதனால் உடம்பின் காவலுக்குத் தகவலே போகாது. உட்கருவுக்குள் சிறு வட்டமாகச் சில பிரதிகள். தனக்கென்று கருவி எதுவும் கொண்டுவராது. செல் பெருகும்போது அதன் கருவிகளைக் கொண்டே தன்னையும் படியெடுத்து, இரண்டு மகள் செல்லுக்கும் பங்கு அனுப்பிவிடும். அந்தச் செல் முதிர்ந்து மேல் தட்டுக்கு வந்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் பெருகி, உறை மாட்டிக்கொண்டு, உதிரும் செல்லோடு வெளியேறும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

பலருக்கு ஓரிரு வருஷத்தில் போய்விடும் என்று தோன்றுகிறது. எனக்குப் போகவில்லை. பதினான்கு வருஷமாக என்னை விட்டுப் போகாதது இது ஒன்றுதான். எழுதும்போதே அழுகை வருகிறது. வரட்டும்.

பிப்ரவரி 28

ஜலஜாவிடம் புது மாதிரி கொடுத்து, சூசைராஜைத் தொடவிடாமல் முழுக்க நானே செய்தேன். அதே பட்டை. அவன் கையில் பிழை இல்லை.

வைரஸ் தனி வட்டமாகவே இருக்கிறது, குரோமோசோமுக்குள் நுழைந்துவிடவில்லை. நுழைந்திருந்தால்தான் புற்றுப் பயம் அதிகம். செல்களிலும் இப்போதைக்குக் கெடுதல் தெரியவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள் ஜலஜா. “யாருன்னு நான் கேக்க மாட்டேன், மெட்டில்டா.” கேட்டிருக்கலாம். ஒருவராவது கேட்டிருக்கலாம்.

மார்ச் 4

சொல்லிவிட்டேன். “ஏழு நான்தான் சார். தப்பு சூசைராஜுடையது இல்லை.”

பத்ரிநாராயணன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். “நீ இதைச் சொல்லியிருக்க வேண்டாமேம்மா” என்றார். பின்பு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு: “நோயே இல்லாத உடம்புல இது இத்தனை வருஷம் இருக்குன்னா... நம்ம ஆராய்ச்சிப் பேப்பர்ல போடணும். போடலாமா?”

போடலாம் என்றேன்.

மார்ச் 7

அட்டவணையை நானே தட்டச்சு செய்தேன். 7 — வயது 41 — மணமாகாதவர் — வைரஸ் உண்டு. ஆய்வகத்தில் நாற்பத்தொரு வயதில் மணமாகாதவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 12

கேன்டீனில் நான் இருந்த மேசையில் மூன்று நாற்காலி காலி. சாம்பார் நன்றாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 31

சூசைராஜுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு. காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான், நின்றான், தரையைப் பார்த்தான். “எனக்குத் தெரியும் மேடம்” என்றான். பிறகு டிப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டான்.

ஆகஸ்டு 29. வெள்ளி

ஆறு மாதப் பரிசோதனை. ஆஸ்பத்திரி வாசலில் சூசைராஜின் மனைவி மரியபுஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். “அவரு சொன்னாரு, வந்துட்டேன். தனியா போகவேணாம், நக்கோ” என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கிற ரகமில்லை.

படிவத்தில் ‘உடன் வந்தவர்’ என்ற கட்டத்தில் குறுக்கே கோடு போடப் போனேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, தமிழில், பெரிய எழுத்தில், தன் பெயரை எழுதிவிட்டாள்.