அப்பா ஒட்டி வைத்த பதினான்கு நாட்கள்

தல்லாகுளம்,
12.1.2004

அன்புள்ள பெர்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், அப்பாவும் இப்போது சுகம். அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளை மெர்வினும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். ‘இப்போது’ என்று ஏன் போட்டேன் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், மீதியைக் கேட்க மாட்டாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அழு.

போன மே மாதம் நீ அமெரிக்காவிலிருந்து ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, பையிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டுமே, அது வந்த நாளிலிருந்து உன் அப்பா ரிட்டயரானதையே மறந்துவிட்டார். கலெக்டர் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் கட்டியவருக்குக் கட்டுவதற்கு மறுபடியும் ஏதோ கிடைத்துவிட்டது. நம் ஊர் கரண்டுக்கு அது ஓடாது என்றதும் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்ச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். முதலில் பருப்பு, வற்றல் மிளகாய். வண்டு விழவில்லை, நானே வாய்விட்டுப் பாராட்டினேன், அந்தத் தப்பு என்னுடையது. அடுத்து இட்லி. இட்லியாக உள்ளே போய் அப்பளமாக வெளியே வந்தது. பிறகு இரண்டு முழம் மல்லிகைப்பூவை ஒட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து, ஆராதனைக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தார், பழைய புளி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. கம்பளியெல்லாம் பலகையாகி பீரோவில் நிற்கிறது, மதுரை வெயிலில் கம்பளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரேஷன் கார்டையும் விடவில்லை. கடைக்கார காசிமாயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சார், இதுல நான் எங்கிட்டு எழுத” என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து வெட்டி எடுத்துப் போய், எழுதி வாங்கி வந்து, மறுபடியும் ஒட்டினார். மாதாமாதம் இதே கதை.

நவம்பரில் நீ போன் செய்து, டிசம்பர் இருபத்திரண்டு வருகிறோம், பதினான்கு நாள் இருப்போம் என்று சொன்னாயா, அவ்வளவுதான். ஆபீசில் அவரிடம் பியூனாக இருந்த பேயாண்டியைத் தேடி உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய், வெள்ளாட்டுக் கறி வாங்கி வந்தார். “சுக்கா நானே வறுக்கேன், ஒன் கையில காரம் பத்தாது” என்றார். முப்பது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். வறுத்ததை வேளைக்கு ஒரு பையாகப் போட்டு ஒட்டினார். நம் பிரிட்ஜில் ஐஸ் தட்டு இரண்டு வைத்தால் மூன்றாவதற்கு இடம் இல்லை, அது நிரம்பியதும் மிச்சப் பைகளை பீரோவில் அடுக்கினார். சமைத்த கறியை இப்படி வெளியே வைக்கக் கூடாது என்று சொன்னேன். “கெடுக்குறதே காத்துதான். காத்தே இல்லைங்கிறப்ப எப்படிக் கெடும்” என்று எனக்கு விளக்கினார். நான் மிஷன் ஸ்கூலில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் என்பதை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை போலிருக்கிறது.

பதினெட்டாம் தேதி நீ போன் செய்து, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். “அதுக்கென்னம்மா, வேலைதான் முக்கியம்” என்று அப்பா சிரித்துக்கொண்டு சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் டிரான்ஸ்பார்மரைத் துடைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் பீரோவைத் திறந்து ஒரு சுக்காப் பையை எடுத்தார். பை பூரி மாதிரி உப்பியிருந்தது. கெட்டுவிட்டது, போடுங்கள் என்றேன். “அம்புட்டு தூரம் போயி வாங்கியாந்தது, வீணாக்கவா சொல்ற” என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தானே சாப்பிட்டார். எனக்கு வைக்காததிலிருந்து அவருக்கும் சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன். சாயங்காலம் வாந்தி தொடங்கியது, மறுநாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அன்னக்கொடி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது. உன் வயதுதான் இருக்கும், சாருக்கு நிதானமாகப் பாடம் நடத்தியது, காற்றே இல்லாமல் வளரும் கிருமியும் இருக்கிறதாம். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான்தான் சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நீ குறித்துக்கொள். “பெர்சிட்ட சொல்லிராத, மிஷினத் தந்தது நாந்தானேன்னு அழுகும்” என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று நீ கூப்பிட்டபோது அப்பா சர்ச்சில் இருக்கிறார் என்றேன். மாற்றுத் துணி எடுக்க அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். பண்டிகை நாளில் பொய், அதுவும் சர்ச்சை வைத்து. உன்னால் அந்தப் பெருமையும் கிடைத்தது.

போனை வைத்துவிட்டு மிச்சப் பைகளைத் தூக்கி எறிய பீரோவைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, ஆபீஸ் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். ‘23 காலை, பெர்சிக்கு.’ ‘25 மதியம், மாப்பிள்ளைக்குக் காரம் கம்மி.’ பதினான்கு நாளுக்கும் இருந்தது. கடைசிப் பையில் ‘ஜனவரி 4, ஏர்போர்ட் போகும் வழியில் சாப்பிட’ என்று இருந்தது. அன்னக்கொடி கொல்லையில் குழி தோண்டினாள், நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். “என்ன டீச்சர், கண்ணு கலங்குது” என்றாள். நாற்றம் தாங்கவில்லை என்றேன். நாற்றமும் இருந்தது.

இப்போது கஞ்சியும் துவையலும் சாப்பிடுகிறார். இளைத்துவிட்டார், வேட்டி நிற்கவில்லை, பெல்ட் போடுகிறார். நேற்று, ஈஸ்டர் எந்தத் தேதி வருகிறது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. லீவு தராதது உன் தப்பில்லை, மாப்பிள்ளை தப்பும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இனிமேல் வரலாமென்று நினைக்கிறோம், பார்க்கிறோம் என்றெல்லாம் அவரிடம் சொல்லாதே. டிக்கெட் கையில் வந்த பிறகு தேதியைச் சொல். அதுவரை எத்தனை மாதமானாலும் என்னிடம் மட்டும் சொல், நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடம் ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்கே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் தம் செட்டைகளின் நிழலில் காக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவரே சொல்லும்வரை ஒன்றும் தெரியாத மாதிரி இரு. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறது டாக்டரம்மா, அதனால் இந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ண அவரைத்தான் அனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

உன் அம்மா,
ஆனிமேரி ஞானமுத்து