வானிலை விசாரிக்காத கடிதம்

எல்ம்ஃபோர்டு, சஸ்காச்சுவான்
நவம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே முழங்கால் அளவு பனி. காற்றைச் சொல்லி மாளாது. உங்கள் வீட்டை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன். குழாய்கள் உறையவில்லை, உங்கள் செடிகள் என்னைவிடச் செழிப்பாக இருக்கின்றன. குளிருக்குத் தப்பி மெக்சிகோவுக்குப் போன அண்ணன் அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் திரிகிறாராமே. மீன்கள் பயந்து ஓடாமல் இருந்தால் சரி.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என்னை ஒருவன் நன்றாக ஏமாற்றிவிட்டான். போதகர் க்ளென் பெயரில் மெயில் வந்தது. சபையில் ஒரு குடும்பம் கஷ்டப்படுகிறது, கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களைச் சுரண்டி அனுப்புங்கள், வெளியே தெரிய வேண்டாம் என்று. நம் சபையில் உதவி என்றால் யாருக்கு என்று கேட்கிற வழக்கம் உண்டா? நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் காதருகே போய், "அந்தக் குடும்பம் இப்ப பரவாயில்லையா?" என்றேன். "எந்தக் குடும்பம், ஆர்டிஸ்?" என்றார். கையிலிருந்த காபி என் பாவாடையிலேயே கொட்டிவிட்டது.

இப்போது நூலகத்தில் இதற்கென்று நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். அவசரப்படுத்துகிறவனை நம்பாதே, சொந்த விவரம் கேட்டால் கொடுக்காதே, யாரிடமும் சொல்லாதே என்றால் அப்போதே அழித்துவிடு என்கிறார்கள். மோசடிக்காரர்களின் தொல்லை தாங்காமல் வீட்டு போனையும் எடுத்துவிட்டேன். புது செல் எண்ணைக் கீழே தந்திருக்கிறேன், போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்,
ஆர்டிஸ்


நவம்பர் 15

அன்பு ஆர்டிஸுக்கு,

இங்கே வெயில் சுகமாக இருக்கிறது, காலையில் மட்டும் லேசான மேகம். உன் முழங்கால் வலி எப்படி? குளிரில் ரொம்ப நடக்காதே. கால்கரியில் நம் பெண் ஜெனெலுக்கு இது ஏழாம் மாதம்.

உன் மெயிலைப் படித்ததிலிருந்து உன் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் பேர்ல எவனாவது கிட்னி வேணும்னு எழுதினாக்கூட, எந்தப் பக்கத்துதுன்னு மட்டும் கேட்டுட்டுப் பார்சல் பண்ணிடுவா" என்கிறார். கோபித்துக்கொள்ளாதே. அவர் கிண்டல் உனக்குப் புதிதா?

போதகர் உன்னை மன்றாட்டுச் சங்கிலியிலிருந்து எடுத்துவிடவில்லையே? அது உன் கையில் இருப்பதுதான் நல்லது. யாருக்காவது முடியவில்லை என்று உனக்கு ஒரு வரி எழுதினால் போதும், நீ சபையார் எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடுவாய், ஊர் முழுக்க ஜெபிக்கும், சாயங்காலத்துக்குள் வாசலில் சாப்பாடும் வந்துவிடும். வேறு யார் செய்தாலும் அது நடக்காது.

உன் அண்ணி,
மைர்னா


ஜனவரி 20

ஆர்டிஸ் உடனே பார் மிக அவசரம். ஹால்வருக்கு உடம்பு மோசம். பை களவு போய்விட்டது போன் பாஸ்போர்ட் எல்லாம். வீட்டில் இருக்கும் இன்சூரன்ஸ் தாளின் நகலும் அவர் ஹெல்த் கார்டு எண்ணும் இந்த முகவரிக்கு அனுப்பு. கீழே உள்ள எண்ணுக்குக் கூப்பிடு. ஜெனெலிடம் சொல்லாதே. தாமதிக்காதே

மைர்னா


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இன்று உங்கள் பெயரில் ஒருவன் எனக்கு வலை வீசினான்! அண்ணனுக்கு உடம்பு மோசமாம், பை களவாம், இன்சூரன்ஸ் தாளும் ஹெல்த் கார்டு எண்ணும் வேண்டுமாம். முகவரி முன்பின் தெரியாதது. அவசரம் என்கிறான், ஜெனெலிடம் சொல்லாதே என்கிறான். வகுப்பில் சொன்ன அத்தனையும் ஒரே மெயிலில்!

ஆனால் நான் பிடித்தது அதனால்கூட இல்லை. நம் ஊர் ஆள் எவராவது வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் உதவி கேட்பார்களா? எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நீங்கள் ஒரு கரண்டி இரவல் கேட்டால்கூட, பனியில் தொடங்கி என் முழங்காலில் வந்து நின்று, வாசல்வரை போய்த் திரும்பித்தான் கேட்பீர்கள். அந்த மடையனுக்கு அது தெரியவில்லை.

உங்கள் செல்லுக்கும் அடித்துப் பார்த்தேன், மணி போகவில்லை. கடலில் போட்டுவிட்டீர்களா? சங்கிலியில் இருக்கிற எல்லோருக்கும் எழுதிவிட்டேன்: மைர்னா பெயரில் எது வந்தாலும் திறக்காமல் அழியுங்கள். போதகர் "சபாஷ் ஆர்டிஸ்" என்றார். கிட்னி பத்திரமாக இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்,
ஆர்டிஸ்


ஜனவரி 29

அண்ணி,

இதை ஜெனெல் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். வேறு எப்படி உங்களிடம் வருவது என்று தெரியவில்லை.

இன்று மதியம் போதகர் க்ளென் வந்தார். பனிக் காலணியைக் கழற்றாமல் அடுப்படிவரை வந்துவிட்டார். நம் ஊரில் யாராவது அப்படி வருவார்களா? "ஆர்டிஸ், உக்காரு. ஜெனெல் போன் பண்ணினா. ஹால்வர் போயிட்டாரு" என்றார். நான், "எந்த ஹால்வர்?" என்று கேட்டேன், அண்ணி. என் வாயிலிருந்து அதுதான் வந்தது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மைர்னா நமக்கு எழுதினது நிஜந்தானாம்" என்றார்.

கோட்டுகூடப் போடாமல் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். இன்சூரன்ஸ் தாள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே காந்தத்தில் தொங்குகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போதகர் வந்துதான் எழுப்பினார்.

இது நிஜமா, அண்ணி? நீங்கள் திட்டி எழுதினாலும் போதும். எதையாவது எழுதுங்கள்.

ஆர்டிஸ்


கால்கரி
பிப்ரவரி 9

ஆர்டிஸுக்கு,

நிஜம்தான். என் கையெழுத்து உனக்குத் தெரியும் என்பதால் நானும் பேனாவில் எழுதுகிறேன்.

பஸ் நிலையத்தில் ஒருவன் என் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவனைத் துரத்தப் போன உன் அண்ணன் நாலு எட்டு வைத்துச் சுருண்டு விழுந்தார். மூளையில் அடைப்பு என்றார்கள். அது சின்ன ஆஸ்பத்திரி. இன்சூரன்ஸ் விவரம் இருந்தால் உடனே பெரிய நகரத்துக்கு விமானத்தில் அனுப்பலாம் என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் பாவப்பட்டுத் தன் கம்ப்யூட்டரைத் தந்தாள். என் மெயிலைத் திறக்கப் போனால், போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. அந்த போன்தானே களவு போனது! அவள்தான் புது முகவரி உண்டாக்கிக் கொடுத்தாள்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் மெயிலும் உன் பழைய வீட்டு எண்ணும்தான். அந்த எண் இல்லை என்றது இயந்திரம். ஜெனெல் நிறைமாதம், அவளுக்கு எப்படிச் சொல்வேன்? மறுநாள் சபை அலுவலகத்துக்கும் எழுதினேன். உன் எச்சரிக்கை எனக்கு முன்னால் அங்கே போயிருக்கிறது.

ஆமாம், வானிலையை விசாரிக்கவில்லை. உன் அண்ணன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தார், ஆர்டிஸ்.

கடைசியில் அங்கே எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வின்னிபெக்காரர்கள் எப்படியோ ஜெனெலைத் தேடிப் பிடித்தார்கள். விமானம் வந்தது. டாக்டர், "முன்னாடியே கொண்டுவந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உன் தப்பு என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் தப்பில்லை என்று எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது.

மைர்னா


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

சங்கிலியில் இருக்கிற ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். எல்லோரும், "வகுப்புல சொல்லிக்குடுத்தபடி சரியாத்தானே செஞ்ச" என்கிறார்கள். அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சங்கிலியைப் போதகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பனியில் உறைந்த நிலம் இளகியதும் மே மாதம் அடக்கம் என்று ஜெனெல் சொன்னாள். பேரன் பிறந்ததையும் சொன்னாள். அடக்கத்தன்று நான் சபை அடுப்படியிலேயே இருந்துகொள்கிறேன். ரொட்டிக்கு நடுவில் ஹாம் இறைச்சி வைப்பது, காபி போடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் என் பொறுப்பு. குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் எழுத மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அண்ணன் என்னைக் கேட்டாரா?

ஆர்டிஸ்


ஏப்ரல் 28

ஆர்டிஸுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

கேட்டார். பேச்சு குழறிப் போயிருந்தது, ஆனால் உன் பெயர் மட்டும் புரிந்தது. கண் விழிக்கும்போதெல்லாம் கேட்டார். நான் வாசலைப் பார்ப்பேன், அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரைப் போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன். கடைசியில் ஒருமுறை அவர் கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "போன் பண்ணிட்டா. பேப்பர் எல்லாம் அனுப்பிட்டா. இந்த வயசுல திருடனைத் துரத்தினீங்களான்னு உங்களை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா" என்றேன். பாதி வாயால் சிரித்தார். "அவ அப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே உன் அண்ணன், தங்கை தன் துணைக்கு வந்துவிட்டாள் என்றே நினைத்துப் போனார். எனக்குத்தான் நீ வரவில்லை. அவருக்குச் சொன்ன பொய்யை நானும் நம்பிவிடலாமா என்று எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன்.

அடுப்படியில் ஒளிந்துகொள்ளாதே. ஹாம் ரொட்டியை வேறு யாராவது செய்வார்கள். முன் வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார். அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார், அதை ஊர் முன்னால் பொய்யாக்க நான் விடமாட்டேன்.

என் கையை மட்டும் இப்போதைக்குப் பிடிக்காதே.

மைர்னா