ஒரே ஒரு பிழை

விடுதி, அறை 14
ஜூலை 6, ஞாயிறு

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுதியிருப்பாய்.

விடுதி போன் இன்னும் ரிப்பேர்தான். கழற்றிப் பார்க்கிறேன் என்று வார்டனிடம் சொன்னேன். "நீ போன மாசம் கழற்றின ஃபேன் இன்னும் பெட்டியில கிடக்குப்பா" என்றார். ஆகவே கடிதம்.

இங்கே எல்லாம் எரிச்சல். ஒர்க்‌ஷாப்பில் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து நான்கு பக்கமும் சதுரமாக அரத்தால் ராவச் சொல்கிறார்கள். மூன்று வாரமாக ராவுகிறேன். மூலைமட்டத்தை வைத்து இடுக்கில் பார்த்துவிட்டு, "வெளிச்சம் தெரியுது, மறுபடி" என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். கட்டை பாதியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் வெறும் வெளிச்சம்தான் மிஞ்சும். அறையில் குறட்டை இருக்கிறான். பெயர் ஒன்று அவனுக்கும் உண்டு, யாரும் சொல்வதில்லை. அவன் தூங்கினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மிகைப்படுத்தவில்லை, விரல் வைத்துப் பார்த்தேன்.

உன் போன கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினோரு பிழை. சிவப்பு மையே தீர்ந்துபோயிற்று. அம்மா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாய், சரி. அதற்காக ல, ள, ழ மூன்றையும் ஒரே குடும்பமாக்கிவிடுவதா? எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்ததே நீதான். நான் எப்படித் தப்பித்தேன் என்று தெரியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

ஜூலை 10

அன்புல்ல தம்பிக்கு,

அக்கா எளுதுவது. உன் கடிதம் புதன்கிலமை வந்தது. அவர்தான் உரக்கப் படித்தார். குறட்டை கதையைப் படித்து நன்றாகச் சிரித்தார். உன் கடிதம் வந்தால் முதலில் அவர்தான் பிரிப்பார், நான் எளுதினாலும் அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார்.

இங்கே மூன்று நாளாக மலை பெய்கிறது. துணி எதுவும் காயவில்லை. போன வாரம் குளியல் அறையில் வலுக்கி விலுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் நல்ல வழி. கட்டு போட்டிருக்கிறது. வீட்டு வேளை ஒரு கையால்தான். நீ கவலைப்படாதே.

லாரி ஆபீஸில் அவருக்கு வேளை அதிகம். அதனால் கோபமும் கொஞ்சம் அதிகம். நீ எப்போது வருவாய்? ஒரு நாள் வந்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். சாப்பிடு. இரும்பில் கையைக் கீறிக்கொல்லாதே.

அக்கா

---

விடுதி, அறை 14
ஜூலை 13, ஞாயிறு

அக்காவுக்கு,

மலை பெய்கிறதா? மலை பெய்தால் நீ எப்படியம்மா உயிரோடு இருக்கிறாய்? தலையில் பாறை விழவில்லையா? குறட்டைக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் உருண்டான். "உங்க அக்கா ஊருக்கு ஹெல்மெட் போட்டுட்டுத்தான் போகணும்டா" என்கிறான். "கீறிக்கொல்லாதே" என்று வேறு எழுதியிருக்கிறாய். ராவும்போது இதை நினைத்தே இன்னொரு கீறல் வாங்கினேன்.

கையைப் பற்றி. ஈரத் தரை, தேய்ந்த செருப்பு, பிடிமானம் கிடையாது. விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதுச் செருப்பு வாங்கு. போன வருஷமும் அங்கேதானே விழுந்தாய்? அத்தானிடம் சொல்லிச் சுவரில் ஒரு கைப்பிடி அடிக்கச் சொல். பத்து நிமிஷ வேலை. சொன்னால்தானே நடக்கும், நீ வாயே திறப்பதில்லை.

இனி பாடம். எல்லாவற்றையும் விடு, இந்த இரண்டை மட்டும் மனதில் வை. வலி உடம்புக்கு. வழி காலுக்கு. உடம்பு நொந்தால் வலி. கால் நடந்தால் வழி. மணிக்கட்டில் வழி இருக்க முடியாது, அங்கே ரோடு போடவில்லை. புரிந்ததா? அடுத்த கடிதத்தில் இந்தப் பிழை வந்தால் நான் அக்கா என்றே கூப்பிட மாட்டேன்.

ஒரு நல்ல செய்தி. 26, சனிக்கிழமை கிளம்பி நான், குறட்டை, இன்னும் இரண்டு பேர் அணைக்குப் போகிறோம். இரண்டு நாள். அங்கே பொதுப்பணித் துறை பங்களாவில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ராவுகிற சத்தமும் வார்டன் சத்தமும் இல்லாமல் இரண்டு நாள் இருந்தால் போதும். வீட்டுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம்.

தம்பி

---

ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் பாடத்தைப் பத்துத் தடவை படித்தேன். இந்தக் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளுடைய பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்கெல்லாம் அதில் தேடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பார்த்துவிட்டு, "பரீட்சை எழுதப் போறியா" என்று கேட்டார்.

மழை நின்றுவிட்டது. வெயில் அடிக்கிறது.

நீ அணைக்குப் போகிற அதே சனிக்கிழமை அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறார். ஞாயிறு ராத்திரிதான் வருவார். நான் தனியாக இருப்பேன். அணைக்கு இன்னொரு வாரம் போகலாம் என்றால், அன்று நீ இங்கே வா. துணையாக இருக்கும்.

கையைப் பற்றி எழுதியிருந்தாய். இனி எனக்கு வழி இல்லை.

கடைசி வரி வரைக்கும் நன்றாகப் பார்த்துத் திருத்து.

அக்கா

---

விடுதி, அறை 14
ஜூலை 21, திங்கள்

அக்காவுக்கு,

சபாஷ்! ஒரே ஒரு பிழை!

நம்பவே முடியவில்லை. "திருத்து" என்பதில்கூடத் தப்பில்லை. குறட்டை பந்தயம் கட்டியிருந்தான், தோற்றுவிட்டான், ஒரு வாரம் என் துணியை அவன்தான் துவைக்கவேண்டும். ஆனால் பார், எந்தச் சொல்லைப் படித்துப் படித்துச் சொன்னேனோ அதிலேயே கவிழ்ந்தாய். "இனி எனக்கு வழி இல்லை." வலி, அக்கா, வலி! கை சரியாகிவிட்டது என்பது புரிகிறது, சந்தோஷம். ஆனால் நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வழி இல்லையா? ஏன், வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறாயா? அத்தான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறாய், வழியும் கேட்கிறாய், கேஸ் ரொம்ப பலமாக இருக்கிறது. அத்தான், உஷார்!

சனிக்கிழமை வர முடியாது. அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் தனியாக இருக்கப் பயமா என்ன, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கு.

இரும்புக் கட்டையில் மூன்று பக்கம் முடிந்தது. நான்காவது பக்கம் சரியானால் முதல் பக்கம் கோணுகிறது. இது கட்டையின் குற்றம் என்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் என்னையே பார்க்கிறார்.

தம்பி

---

விடுதி, அறை 14
ஜூலை 28, திங்கள்

அக்கா,

இதைத் தையல்காரம்மா முகவரிக்கு எழுதுகிறேன். நேற்று படியிறங்கும்போது அவர்கள்தான் கையைப் பிடித்து, "இனி எதுவும் மேல்வீட்டுக்குப் போடாதே தம்பி, எனக்குப் போடு" என்றார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அணைக்குப் போனோம். தண்ணீர் குறைவு, சேறு அதிகம். மதகுக்குப் பக்கத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று, அதன் குறுக்கே ஒரு போர்டு. நான் போர்டைக் கண்டால் பிழை தேடுகிறவன், உனக்குத் தெரியும். "ஆளம் அதிகம், குலிக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை." நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குக் கீழே கடைசி வரி: "இதற்கு மேல் வழி இல்லை."

"பரவாயில்லைடா, வழியை மட்டும் சரியா எழுதிட்டான்" என்றான் குறட்டை.

எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் தப்பாக எழுதுகிறவனுக்கே அந்தச் சொல் சரியாக வருகிறது. எல்லாவற்றையும் சரியாக எழுதியவள், நான் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சொல்லிலா தப்பு விடுவாள்?

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று உலுக்கினான். நான் பையைக்கூட எடுக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, மாறி, ஞாயிறு காலையில் உன் வாசலில் நின்றேன்.

அத்தான் கதவைத் திறந்தார். வெளியூர் போயிருக்க வேண்டியவர். சட்டைப் பையில் என் கடிதம் துருத்திக்கொண்டு தெரிந்தது. "வாங்க மாப்ளே, அணை எப்படி?" என்று கேட்டார். நீ உள்ளேயிருந்து வந்தாய். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. நீ எழுதியது வெறும் கட்டு என்றுதானே? "கிளம்புக்கா" என்றேன். "எங்கேடா? எனக்கு வலியெல்லாம் இல்லையே" என்றாய். வலி என்று அழுத்திச் சொன்னாய். அவர் தலையை ஆட்டி, "இப்ப சரியா சொல்றா பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தியது உனக்கே தெரியும். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நீ நேரடியாக எழுதியிருக்கலாமே? தையல்காரம்மா மூலம் அப்போதே எழுதியிருக்கலாமே? ஓர் எழுத்தை நம்பி யாராவது இப்படிச் செய்வார்களா? சரி, விடு. இனி நான் பார்த்துக்கொள்கிறேன். வார்டனிடம் சொல்லிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டரிடமும் சொன்னேன், அவருக்குத் தெரிந்த போலீஸ்காரர் இருக்கிறாராம். குறட்டைக்கும் மற்ற இரண்டு பேருக்கும் தெரியும், அவர்களும் வருகிறார்கள். சனிக்கிழமை நான்கு பேராக வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். அத்தானுக்கும் ஒரு கார்டு போட்டுவிட்டேன், சனிக்கிழமை வருகிறேன், முடிந்தால் தடுத்துப் பாருங்கள் என்று. ஒளிந்து ஒளிந்து செய்ய நாம் என்ன திருடர்களா?

பையைக் கட்டி வை.

தம்பி

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நான்கு பேராக வந்து பூட்டிய வீட்டைத் தட்டினாய் என்று தையல்காரம்மா போனில் சொன்னார்கள். அவர்களுக்குப் போட்ட உன் கடிதத்தையும் படித்துக் காட்டினார்கள். உன் கார்டு வியாழக்கிழமை வந்ததாம். அதற்கு முந்தின நாளே நான் கிளம்பிவிட்டேன். கார்டு வந்தபோது நான் அங்கே இருந்திருந்தால் இந்தக் கடிதம் இருக்காது.

ஏன் நேரடியாக எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை அவரும் படித்தார். "வலியைக்கூட எழுதத் தெரியலை" என்று சொல்லிச் சிரித்து ஒட்டினார். என் பிழை அவருக்கும் பழக்கம். அது பிழை இல்லை என்று தெரியக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். அப்படி நினைத்தேன். தையல்காரம்மாவோடு அதுவரை நான்கு வார்த்தை பேசியது கிடையாது. புத்தகம் கேட்கப் போனதுதான் முதல் தடவை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உரக்கப் படித்தார். சபாஷ் என்ற இடத்தில் சிரித்தார். குறட்டை துணி துவைப்பதற்குச் சிரித்தார். "வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறாயா" என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல். பிறகு எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நான் கட்டி வைத்த பை அங்கேதான் இருந்தது. கையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீ பார்த்தாய்.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வந்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். உன்னோடு வந்தால் உன் விடுதிக்குத்தான் வரவேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அது. தெரியாவிட்டாலும் நீ வாசலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டாய்.

இப்போது ஓர் இடத்தில் இருக்கிறேன். வேலை இருக்கிறது. ஒரு கையால் செய்யக்கூடிய வேலைதான். இடது கை விரல்கள் முழுதாக மடங்காது என்கிறார் டாக்டர். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். தபால் முத்திரையைப் பார்க்காதே, வேறு ஊரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தையல்காரம்மாவைக் கேட்காதே, அவர்களுக்கும் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை. நீ கெட்டவன் இல்லை. ஆனால் உனக்குத் தெரிந்தால் வார்டனுக்குத் தெரியும், குறட்டைக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் நியாயம் பேச அவருக்கும் ஒரு கார்டு போடுவாய். நீ அப்படித்தான். அம்மா போனதிலிருந்து உன்னைப் பார்த்து வளர்த்தவள், எனக்குத் தெரியாதா?

நன்றாகச் சாப்பிடு. படிப்பை முடி. என்னைத் தேடாதே.

இந்தக் கடிதத்தையும் மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். உன் சிவப்புப் பேனாவுக்கு இதில் வேலை இருக்காது. திருத்தினாலும் திருப்பி அனுப்ப முகவரி இல்லை.

வலி உடம்புக்கு, வழி காலுக்கு. இரண்டும் இப்போது எனக்கு இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா