யாளித் தகட்டைத் திருப்பியனுப்பும் திருமுகம்

நலமே நிறைக. கடல் தன் எல்லை அறிந்து நிற்கவும், கழி தன் வழி அறிந்து ஓடவும், உப்பும் மீனும் குறைவின்றி விளையவும் செங்கோல் செலுத்தும் கழிமுகநாட்டு அரசியார், தாழைமலர்க் கொடியுடைய கோதைநங்கைப் பெருமாட்டியாருக்கு ஆட்சியாண்டு ஒன்பதாவது, புரட்டாசித் திங்கள் பதினோராம் நாள், அரசியாரின் திருவாய்மொழிப்படி ஓலைமண்டபத்தார் எழுதிய திருமுகம்.

மலை ஏழும் ஆறு மூன்றும் ஒரு குடைக்கீழ்க் கொண்டு, சிறகு விரித்த யாளியைக் கொடியில் ஏந்திய பொன்மலைப் பேரரசின் முதலமைச்சர், சொல்லிலும் செயலிலும் குற்றம் நீங்கிய மதிவாணப் பேரரையர் திருமுன்பு இது வைக்கப்படுவதாகுக. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாது பொழிக. தங்கள் களஞ்சியங்களும் யானைக் கொட்டில்களும் நிறைந்திருக்க. பேரரசர் நீடு வாழ்க.

தாங்கள் அனுப்பியருளிய ஓலை சென்ற திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. அதனைத் தலைமேல் தாங்கி, அவையோர் எழுந்து நிற்க மும்முறை வாசித்தோம். பேரரசர் பரிசாக அனுப்பிய வெண்ணுலோகத் தகட்டை எங்கள் வழிகாட்டித் தோணியின் கணிப்பேழையில், யாளி முத்திரை வெளியே தெரியுமாறு, மீண்டும் பொருத்த வேண்டும் என்பது அதில் கண்ட முதற் கட்டளை. அத்தகட்டைக் கழற்றிய கம்மியப்பெண் கொற்றியைக் கை பிணித்துத் தங்கள் தூதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நிறைவேற்றப்படமாட்டா என்பதைத் தலை தாழ்த்தி, கை கூப்பி, தெளிவாக அறிவித்துக்கொள்கிறோம்.

பணிவிற் குறைந்து இவ்வாறு எழுதினோம் என்று தாங்கள் கருதலாகாது. பணிவு மிகுந்து நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியதே இவ்வோலை முழுவதும். நடந்ததை நடந்தபடி விரித்துரைக்கத் தங்கள் பொறுமையை வேண்டுகிறோம். கொற்றி முதலானோர் மொழிந்தவற்றை நயம் சேர்த்துத் திருத்தாமல் அவர்கள் வாயில் வந்தபடியே பொறிக்குமாறு அரசியார் பணித்திருப்பதால், செவிக்குக் கரடாகத் தோன்றும் இடங்களைப் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் முகத்துவாரத்தில் மணற்றிட்டு நிலையாக நிற்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவு நீரே இருக்கும். ஆதலால், வரும் கலங்களுக்கு முன்னே செல்லும் வழிகாட்டித் தோணியில், ஆழத்தையும் ஏற்றவற்றத்தையும் நொடிதோறும் கணக்கிட்டுப் பாதை வரைந்து காட்டும் பேழை ஒன்று அமைந்துள்ளது. பாய்மரத்து உச்சியில் விரித்த கதிரொளித் தகடுகள் பகலில் சேர்த்துவைக்கும் ஆற்றலால் அது இரவும் பகலும் உயிர்க்கிறது. மீகாமன் அமரும் பலகையின் கீழுள்ள மாடத்தில் வைக்கவேண்டியிருப்பதால், அது ஒரு வெற்றிலைப்பெட்டியின் அளவைத் தாண்டக்கூடாது. பெரிய பேழை வைத்தால் தோணி கனத்து, மணற்றிட்டில் முதலில் தட்டுவது அதுவேயாகும்.

பெட்டி சிறியதாயினும் உள்ளிருக்கும் எண்ணுஞ் சில்லு பெரியவரைப்போல் உழைப்பது. உழைக்க உழைக்கக் கொதிப்பது. விசிறி வைத்துக் காற்றை உள்ளே விட்டால் உப்புக்காற்று இரண்டே திங்களில் அதன் நரம்புகளைத் தின்றுவிடும். காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உச்சிவேளையில் வெப்பம் தாங்காது பேழை மயங்கிவிடும். இவ்விக்கட்டைத் தீர்க்கும் பொறுப்பைத் துறைமுகப் பட்டறையின் கம்மியப்பெண் கொற்றி ஏற்றாள். சில்லின்மேல் நீரை ஓடவிட்டு, அந்நீர் சுமந்துவரும் வெப்பத்தைப் பெட்டியின் வெளிச்சுவரில் ஆற்றிவிடுவதே அவள் கண்ட வழி.

அதற்கென ஆயத்தமாய் எதுவும் கிடைக்கவில்லை. அனைத்தையும் அப்பெட்டிக்கென்றே அவள் செய்ய வேண்டியிருந்தது. சில்லின்மேல் அமர்த்த ஒரு செப்புக்கட்டி. அதன் வயிற்றில் மயிரிழை அகலத்தில் அறுபது வாய்க்கால்கள். நீரைத் தள்ள எலுமிச்சங்காய் அளவில் ஒரு விசைப்பொறி. வெப்பம் ஆற்றச் செதில் செதிலாக ஒரு செப்புத் தகடு. இவற்றை இணைக்கும் குழாய்களுக்கு ஒருவிரல் இடைவெளியே மிஞ்சியது. தோற்குழாய் அவ்வளைவில் மடிந்துபோயிற்று. செப்புக்குழாயை வளைத்தாள், நசுங்கியது. பின்னர்க் குழாய்க்குள் உலர்ந்த மணலை நிறைத்து, இருமுனையும் அடைத்து, அனலில் காட்டி வளைத்தபோது நசுங்காது வளைந்தது. ஆயினும் மூடி ஓர் அரிசியளவு மூடாது நின்றது.

அப்போது மீகாமன் தும்பன் பட்டறை வாயிலில் நின்று, "ஏ கொற்றி, மூடி மேல ரெண்டு பேரு ஏறி உட்காந்தாத்தான் மூடும் போலயே" என்று எள்ளியதாகவும், அவள் நிமிராமலே, "நீ ஒருத்தன் உட்காந்தாலே போதும். அப்புறம் மூடுறதுக்குப் பெட்டியே இருக்காது" என்று விடையிறுத்ததாகவும் பட்டறையார் கூறினர். அன்று அவள் ஐந்து குழாய்களையும் உருக்கியெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். நாற்பத்தோராம் நாள் மூடி ஒலியின்றி மூடியது. சில்லுக்கு உயிரூட்டாமல் நீரை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் கீழும் உலர்ந்த சாம்பலைத் தூவி, மூன்று நாள் பார்த்திருந்தாள். ஒரு துளி வீழ்ந்தாலும் சாம்பல் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். சாம்பல் வெளுத்தே கிடந்தது.

பேழையின் புகழ் பொன்மலை வரை சென்றது. பேரரசர் உவந்து, ஆயிரம் செதிலும் யாளி முத்திரையும் கொண்ட வெண்ணுலோகத் தகடு ஒன்றைப் பரிசாக அனுப்பினார். இறகினும் இலேசாய், நிலவினும் ஒளியதாய் இருந்த அதனைக் கண்டு இவ்வவை மெய்சிலிர்த்தது. பேரரசர் தந்ததைப் பேழையிலேயே பொருத்துவோம் என்று நன்றியோலை அன்றே எழுதப்பட்டுவிட்டது. கொற்றியைக் கேட்டது அதற்கு அடுத்த நாள்.

அவள் தகட்டைக் கையில் எடுத்துத் தட்டிப்பார்த்து, "அழகாத்தான் இருக்கு. ஆனா இதுவும் செம்பும் ஒரே தண்ணியில குடித்தனம் பண்ணாது தாயே. ஒண்ணு இன்னொண்ணத் தின்னுரும்" என்று அரசியாரிடம் விண்ணப்பித்தாள். அவையோரோ, பரிசை மறுத்தல் பண்பன்று என்றும், நன்றியோலை முன்னரே சென்றுவிட்டது என்றும் எடுத்துரைத்தனர். எங்கள் நாட்டில் விருந்தினர் ஊற்றிய கஞ்சியில் கல் கிடந்தாலும் கடித்துவிட்டுச் சிரிப்பதே வழக்கம். அவ்வழக்கப்படி நடந்தோம். கொற்றி ஆணைக்குப் பணிந்தாள். பெட்டியின் அளவுக்குப் பொருந்தாத மூலையிலிருந்து விரல் நீளத் துண்டொன்றை நறுக்கிவிட்டு, சித்திரைத் திங்களில் தகட்டைப் பொருத்தினாள். நறுக்கிய துண்டும் பேரரசரின் பரிசே என்பதால் அதனையும் பட்டில் பொதிந்து கருவூலத்தில் வைத்தோம்.

அறுபது நாள் குறையொன்றும் இல்லை. ஆனித் திங்கள் முழுமதியன்று நண்பகல் ஏற்றத்தில், தங்கள் நாட்டு நெற்கலம் எழுபத்திருவர் ஏறிவர, வழிகாட்டித் தோணி முன்னே சென்றது. முகத்துவாரத்தின் நடுவில் பேழை மயங்கியது. தும்பன் கழியை ஊன்றி ஆழம் பார்த்துக் கூவிக்கொண்டே வழிகாட்டினான். நெற்கலம் மணலில் ஏறிச் சாய்ந்தபோது, அதற்கும் தோணிக்கும் நடுவே சிக்கி அவன் வலக்கை முறிந்தது. எழுபத்திருவரும் கரை சேர்ந்தனர். அக்கை இனிச் சுக்கான் பிடிக்காது.

அன்று மாலையே கொற்றி பேழையைத் திறந்தாள். தெளிந்து ஓடவேண்டிய நீர் அரிசி கழுவிய நீர்போல் வெளுத்துக் குழைந்திருந்தது. செப்புக்கட்டியின் அறுபது வாய்க்கால்களும் வெண்கூழால் அடைபட்டிருந்தன. தங்கள் தகட்டின் உட்புறம் புழு அரித்த இலைபோல் குழிகுழியாகியிருந்தது. மூட்டு ஒவ்வொன்றும் உலர்ந்தே இருந்தது. அவள் தகட்டைக் கழற்றி, கூழைக் களைந்து, தன் பழைய செப்புத் தகட்டைப் பொருத்தினாள். அன்றுமுதல் பேழை ஒரு நொடியும் மயங்கியதில்லை.

ஆடித் திங்கள் எட்டாம் நாள் தங்கள் தூதர் நெடுமிடல் அடிகள் எழுந்தருளி, பேழையில் யாளியைக் காணாது சினந்தார். வெண்ணுலோகம் மாசற்றது என்றும், கம்மியப்பெண்ணின் பற்றவைப்புக் கசிந்ததே பழுதுக்குக் காரணம் என்றும் அவர் தீர்ப்புரைத்தார். கொற்றி மறுத்துப் பேசாமல் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கொணர்ந்து, இரண்டிலும் ஒரே கிணற்று நீரை ஊற்றினாள். ஒன்றில் செப்புத் துண்டை மட்டும் இட்டாள். மற்றொன்றில் அதேபோன்ற செப்புத் துண்டோடு, நறுக்கிவைத்த வெண்ணுலோகத் துண்டைக் கம்பியால் சேர்த்துக் கட்டி இட்டாள். அத்துண்டு பேரரசரின் தகட்டினதே எனத் தூதர் தம் கண்ணால் பார்த்து ஒப்பினார். பின்னர், "ரெண்டு ஊறுகாய்க் குடுவையக் காட்டி மகாராஜாவோட வழக்காடப் போறியா?" என்று நகைத்தவாறே குடுவைகளின் வாயில் தம் கணையாழியால் முத்திரை இட்டார். "ஊறுகாய்னா நாளாக நாளாகத்தானே ஐயா தெரியும்" என்றாள் கொற்றி.

அவர் சென்று, தங்கள் ஓலையும் வந்த பின்பு, சொல்ல நாணும் ஒன்றும் இங்கு நடந்தது. அதனையும் மறைக்கலாகாது என்பது அரசியாரின் ஆணை. பேரரசரின் சினம் தணிய எளிய வழி ஒன்று உண்டென அவையோர் கண்டனர். மூட்டுக் கசிந்தது தன் பிழையே என்று கொற்றி ஒப்பி மன்னிப்புக் கோரினால், பெருந்தன்மை மிக்க பேரரசர் அவளையும் நாட்டையும் பொறுத்தருள்வார் அன்றோ. அம்மன்னிப்பு ஓலை இவ்வோலைமண்டபத்திலேயே, மிக்க அழகிய நடையில் எழுதப்பட்டது. கைநாட்டு இடுவதற்காக அவள் பெருவிரலில் மையும் தடவப்பட்டது. ஓலையை வாசிக்கக் கேட்டுவிட்டு அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நான் பத்தவச்ச இடம் ஒண்ணுகூடக் கசியல. கசிஞ்சுதுன்னு இதுல என் ரேகை விழுந்துட்டா, தகடு நல்ல தகடுன்னு ஆயிரும். நாளைக்கு இன்னொருத்தன் இதையே இன்னொரு தோணியில மாட்டுவான். அந்தத் தோணி பின்னால யாரு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாதவங்க தலையில என் பொய்யப் போட மாட்டேன். கையக் கட்டி அனுப்புறதுன்னா அனுப்பிருங்க" என்றாள்.

முறிந்த கையைத் தூளியில் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்த தும்பன், "ஒரு கை போனது போதும் தாயே. இவ கையையும் அனுப்பிட்டா நாட்டுல எதத்தான் வச்சுப் பிழைக்கிறது" என்றான். அரசியார் அரியணையிலிருந்து இறங்கிவந்து மன்னிப்பு ஓலையைக் கையில் வாங்கினார். நடை அழகாயிருக்கிறது என்று ஓலைமண்டபத்தாரைப் பாராட்டினார். பின்னர் அதனை இரண்டாகக் கிழித்தார்.

ஆகவே, பெருமதிப்பிற்குரிய பேரரையர் அறியவேண்டியவை வருமாறு. யாளித் தகடு கூழ் நீக்கித் துடைக்கப்பட்டு, முத்திரைக்கு ஊறின்றி, பட்டில் பொதியப்பட்டு இவ்வோலையுடன் திரும்பி வருகிறது. இரு குடுவைகளும் உடன் வருகின்றன. அவற்றின் வாயில் இருப்பது தங்கள் தூதரின் முத்திரையே. அது விரலாலும் தீண்டப்படவில்லை. ஒன்றில் நீர் தெளிந்திருக்கிறது. மற்றொன்றில் இருப்பதை இன்னதென எழுத எங்களுக்குத் துணிவில்லை. தாங்களே ஒளியில் பிடித்துப் பார்த்தருள வேண்டும்.

கொற்றி அனுப்பப்படமாட்டாள். தங்கள் பொறிவினைஞர் எவரேனும் அவளிடம் வினவ விரும்பினால், பட்டறை வாயில் திறந்திருக்கிறது. வருவோர்க்கு இருக்கையும் மோரும் உண்டு. மணல் நிறைத்துக் குழாய் வளைக்கும் முறையையும் அவள் ஒளிக்காது காட்டுவாள்.

பொன்மலைக் கப்பற்படையின் நாற்பது கலங்களுக்கு இதேபோன்ற பேழைகளும், அவற்றுக்கு வெண்ணுலோகத் தகடுகளும் செய்யப்பட்டு வருவதாகக் கேள்வியுற்றோம். அதனால் இதனை மிகுந்த பணிவோடும் சிறிதும் தளர்வின்றியும் உரைக்கிறோம். செம்போடு அத்தகட்டைச் சேர்த்த பேழையை நம்பி வரும் எக்கலமும் இம்முகத்துவாரத்தில் நுழையலாகாது. கொடியில் தாழை பறந்தாலும் யாளி பறந்தாலும் இதுவே விதி. மீறி வருவது பேரரசரின் சொந்தக் கலமேயாயினும், எங்கள் வழிகாட்டித் தோணி அதன் குறுக்கே நின்று தடுக்கும். இதன்பொருட்டுத் தாங்கள் படை அனுப்பினும், அப்படைக்கலங்கள் மணற்றிட்டு எங்கிருக்கிறதென்று எங்களைக் கேட்டே வரவேண்டியிருக்கும். கேட்டால் தவறாது சொல்வோம், ஏனெனில் அவற்றில் வருவோரும் ஒரு தாய் பெற்ற மக்களே.

இத்திருமுகத்தில் எழுத்துப் பிழையோ சொற்பிழையோ இருப்பின் பொறுத்தருள்க. இதனை எழுதியவன் ஓலைமண்டபத்து இளையான் அழிசி. அவையின் பொருட்டு அவன் எழுதும் முதல் ஓலை இது. பொருளில் பிழை இல்லை.

கோதைநங்கைப் பெருமாட்டியாரின் தாழைமலர் முத்திரை மேலே இடப்பட்டது. அதன் கீழ், மன்னிப்பு ஓலைக்கென மை தடவப்பட்டு மடங்கிய அதே பெருவிரல், இம்முறை எவரும் பணிக்காமலே பதிந்திருக்கிறது. அது கொற்றியின் கைநாட்டு எனக் கொள்க.

ஓலை கொணர்வோன் தங்களை வணங்கி, தகட்டையும் குடுவைகளையும் திருமுன்பு வைத்து, மறுமொழிக்கு நில்லாது திரும்புக என்பது ஆணை. அவன் முகத்துவாரத்தை எந்நேரத்தில் அடைந்தாலும் தடையில்லை, பேழை விழித்திருக்கிறது.