மாட்டுங்காவில் மலிவாகக் கிடைத்த துப்பாக்கி

என் பிரியத்துக்குரிய கலா அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே அறையில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போட உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் பட்டறைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சியப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுங்க மதினி. அந்தத் துப்பாக்கிக் கதையையும் சேத்துக்கிடுங்க" என்றார்.

சேர்த்துக்கொள்கிறேன். நல்லதாக வருமா என்றுதான் தெரியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. பெல்ட் பட்டறை ஓடுகிறது. கலாவுக்குச் செம்பூரில் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. உங்கள் சட்டைகளைப் பட்டறைப் பையன்கள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். முதுகைப் பார்த்து ஓரிரு தடவை ஏமாந்துபோனேன். இப்போது ஏமாறுவதில்லை.

மலரைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருக்காது. அதனால் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட ஆரம்பித்தவர் நீங்கள். கல்யாணமாகி, தாராவியில் பட்டறை போட்டு, கலா பிறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரைபிள் கிளப்புதான். அங்கே பொதுத் துப்பாக்கிக்கு வரிசையில் நின்று சுட்டுவிட்டு வருவீர்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது உங்கள் வெறி. லைசென்ஸுக்கு வருடக்கணக்கில் அலைந்தீர்கள். அது கைக்கு வந்தபோது நம்மால் வாங்க முடிகிற விலையில் எதுவும் இல்லை.

அப்புறம்தான் ஃபோர்ட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் அதைப் பார்த்தீர்கள். இறந்துபோன ஒருவருடையது. லைசென்ஸ் இல்லாத குடும்பத்தார் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று கடையில் ஒப்படைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து பாயின்ட் டூ டூ ரைபிள். "பேரலுக்குள்ள பாத்தேன் செல்லக்கனி, கண்ணாடி தோத்துரும்" என்று வந்து சொன்னீர்கள். காய்ச்சல்காரன் மாதிரி உங்கள் கண் பளபளத்தது. கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். மாட்டுங்காவில் ஒரு மாமி. கணவர் பெரிய ஆபீஸராக இருந்து காலமானவர்.

"ஏட்டி, நீயும் கெளம்பு. பொம்பள கூட வந்தாத்தான் கதவத் தொறப்பாக" என்றீர்கள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். எதற்குப் போகிறோம் என்று முழுதாகத் தெரியாது.

அந்த மாமி நமக்குக் காபி கொடுத்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தீர்கள். "மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. கடையில பாத்தேன். பேரல் உள்ள பூராத் துரு. இத எவனும் வாங்க மாட்டான். போலீஸ்காரன் ஒருநாள் எடுத்துட்டுப் போயிருவான். பாவம், ஒத்தைப் பொம்பள, ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைய முடியுமா? உங்களுக்கு எதுக்கு இந்த லஃப்டா? நான் எடுத்துக்கிடுதேன்."

பிறகு ஒரு விலை சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது துப்பாக்கியின் விலை இல்லை, அதன் தோல் வாரின் விலை. மாமி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். அதோடு விட்டீர்களா? செருப்பு மாட்டும்போது, கடைக்குப் போய்வர டாக்ஸிச் செலவு என்று அதிலும் கொஞ்சம் குறைத்தீர்கள். அதற்கும் "உங்க இஷ்டம்" என்றாள்.

மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கீழே எனக்கு மல்லிகைப் பூ வாங்கித் தந்தீர்கள். அந்தப் பூவை நான் தலையில் வைத்துக்கொண்டு வந்தேனா, கையில் வைத்துக்கொண்டு வந்தேனா? உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து அதுதான் உங்கள் கதை. கிளப்பில், சங்கத்தில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில். மாமியின் குரலில் மூக்கால் "உங்க இஷ்ட்டம்" என்று இழுத்துச் சொல்வீர்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மெடல் வாங்கியபோதுகூடச் சுட்டதைப் பற்றிப் பேசவில்லை, வாங்கியதைப் பற்றித்தான் பேசினீர்கள்.

வீட்டில் அதற்குத் தனிப் பீரோ. எங்கள் துணிமணி கட்டிலுக்கு அடியில். நான் அதைத் தொடக் கூடாது, என் கையில் எண்ணெய். கலா தொடக் கூடாது, அவள் கையில் வியர்வை. தோட்டா போடாமல் விசையை மட்டும் யாரும் இழுத்துவிடக் கூடாது. "இது ரிம்ஃபயர். தோட்டாவோட விளிம்புலதான் ஊசி அடிக்கும். தோட்டா இல்லன்னா ஊசி பேரலோட பின்வாயிலயே போயி அடிச்சுப் பள்ளமாக்கிரும். பெறவு ஜென்மத்துக்கும் சரிவராது" என்று பாடம் எடுப்பீர்கள். ஒருமுறை கிளப்பில் ஒருவன் தெரியாமல் இழுத்துவிட்டான் என்று அவன் சட்டையைப் பிடித்ததாக வந்து சொன்னீர்கள்.

பிறகு ஒருநாள் மாஹிம் ரயில் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. வேறு என்ன சொல்ல? அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது. அதையும் இதில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள்.

உங்கள் கிளப் சிநேகிதர் சந்தோஷ்தான் எல்லாவற்றுக்கும் கூட நின்றார். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அவர்தான் என்னை அழைத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வைத்தார். காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மதினி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

அந்த ஆரம்பத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

"பேரல் உள்ள பூராத் துரு. இத எவனும் வாங்க மாட்டான். போலீஸ்காரன் ஒருநாள் எடுத்துட்டுப் போயிருவான். பாவம், ஒத்தைப் பொம்பள, ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைய முடியுமா? உங்களுக்கு எதுக்கு இந்த லஃப்டா? நான் எடுத்துக்கிடுதேன்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. நீங்கள் அத்தனை தடவை நடித்துக்காட்டியதை மனிதர் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். சொல்வது யாருடைய வசனம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நீங்கள் மாமிக்குச் சொன்னதைவிடக் குறைவாக ஒரு விலை சொன்னார். பந்தல்காரருக்குக் கூலி கொடுக்க எழுந்து போனேன். விட்டாரா? வாரம் ஒருமுறை வந்தார், சில சமயம் மனைவியையும் கூட்டிக்கொண்டு. கடைசியில், "அண்ணாச்சி என்கிட்ட, நான் போனா ஒனக்குத்தான்னு வாக்குக் குடுத்திருக்காரு மதினி" என்றார். கொடுத்தீர்களா?

ஒரு வேலைநாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு மாட்டுங்காவுக்குப் போனேன். துப்பாக்கியை நல்ல விலைக்கு விற்று, அதில் பாதியை அந்த மாமியிடம் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். செத்தவரின் கணக்கை நேராக்கிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

மாமி கதவைத் திறந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். துரு இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது, அவுக பொய் சொல்லிட்டாக என்றேன்.

மாமி சிரித்தாள். கேலியாக இல்லை. அடக்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அசடே, துரு இல்லேன்னு எனக்குத் தெரியாதா? வாரா வாரம் எங்காத்துக்காரர் துடைக்கறதைப் பார்த்துண்டே கிழவியானவ நான். அதோட விலை தெரியாதா? கடைக்காரரே உங்காத்துக்காரர் சொன்னதைப் போலப் பல மடங்கு வாங்கித் தரேன்னார். ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும்னார். என்னால பொறுக்க முடியலை. அந்தச் சனியன் என் பேரைச் சுமந்துண்டு இன்னும் ஒரு நாள் இருக்கப்படாதுன்னு இருந்தேன். முதல்ல வந்து கதவைத் தட்டினவர் அவர். இனாமாவே கொடுத்திருப்பேன். அவர்தான் பாவம், பேரம் பேசிண்டே இருந்தார்."

உங்களுக்குக் கேட்கிறதா? உங்கள் வாழ்நாளின் பெரிய கெட்டிக்காரத்தனம் அது. குப்பைக்காரனுக்காகக் காத்திருந்த வீட்டில் போய்க் குப்பைக்கு விலை குறைத்துவிட்டு, படியில் நின்று சிரித்திருக்கிறீர்கள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மாமி சாமிக்கு விளக்கேற்றினாளாம்.

ஏன் மாமி, அது அப்படி என்ன செய்தது என்று கேட்டேன். "சாப்பிடறச்சே மேஜை மேல வெச்சுப்பார். குழல் என் பக்கம் இருக்கும். உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னு சொல்ல மாட்டார். ரசம் உப்பா இருந்தா அதை லேசாத் தட்டுவார், அவ்வளவுதான். ஒரு நாளும் என்னைக் கைநீட்டி அடிச்சதில்லை. ஊரெல்லாம் தங்கமான மனுஷன்னு பேர்." சொல்லிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "உங்காத்துக்காரர் உன் மேல நீட்டினாரா?"

"இல்ல மாமி" என்றுதான் வாயெடுத்தேன். உங்களைக் காப்பாற்றுவது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த மேஜை எதிரே இருந்தது. என்னால் முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை. வெளையாட்டுக்கு" என்றேன்.

"எல்லாம் விளையாட்டுக்குத்தான்" என்றாள் மாமி.

மெடல் வாங்கிய நாள். சந்தோஷும் இன்னும் சிலரும் வீட்டில் இருந்தார்கள். நான் டீத் தட்டோடு வந்தேன். "ஏ, எம் பொண்டாட்டி பயப்படுதாளான்னு பாப்பம்" என்று தூக்கி என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்தீர்கள். டிக் என்றது. தட்டு விழுந்தது. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். கலா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் சிரிப்புதான் முதலில் நின்றது. ஒரு நொடி, என்னைப் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இல்லை. அவசரமாகத் துப்பாக்கியின் பூட்டைத் திறந்து, பேரலின் பின்வாயை விளக்குக்கு நேரே பிடித்து, ஊசி பட்ட விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றீர்கள். நான் தரையில் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மாமியிடம் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. அவளும் ஆறுதல் சொல்லவில்லை. "இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பிடாதேம்மா. நான் அனுப்பிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் கோணியது.

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு இது வேண்டாம், விற்கவும் மாட்டேன், அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அங்கிருந்த அதிகாரி துப்பாக்கியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். "கித்னா அச்சா பீஸ் ஹை. பேச் தோ" என்றார். நல்ல பொருள், விற்றுவிடு என்கிறார்; அவருக்கே மனசு கேட்கவில்லை. "நஹி சாஹிப்" என்றேன். பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். கிடங்குக்குப் போகும், கொஞ்ச காலம் கழித்து மற்ற இரும்போடு சேர்த்து வெட்டி உருக்கிவிடுவார்கள் என்றார். கையெழுத்துப் போட்டேன். இதை உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ் வந்தார். இந்த முறை இனிப்போடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"பைத்தியமா மதினி ஒங்களுக்கு?" என்று கத்தினார். "அந்த பேரல் எப்பேர்ப்பட்ட பேரல்னு தெரியுமா? கண்ணாடி மாதிரி!"

"துருன்னு சொன்னீங்களே?" என்றேன்.

வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். உங்கள் பாடையைத் தூக்கியபோது காய்ந்திருந்த கண்ணில் அன்றைக்கு நீர் வந்தது. நான் அவர் கொண்டுவந்த இனிப்பைப் பிரித்து அவருக்கே ஒரு துண்டு கொடுத்தேன். என்ன மனுஷி நான் என்று நினைக்கிறீர்களா? உங்களோடு இருந்தவள்தானே.

அந்தப் பீரோவில் இப்போது கலாவின் துணிகள் இருக்கின்றன. அவளிடம் எல்லாம் சொன்னேன். ராத்திரி சோறு போடும்போது, "அன்னைக்கு நானும் சிரிச்சேனாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதையாவது நீங்கள் பார்த்தீர்களா?

வருடம் திரும்பும்போது உங்களுக்குப் படையல் போடுவேன். நெத்திலிக் குழம்பு வைப்பேன், படத்துக்கு மாலை சாத்துவேன், ஒரு குறையும் இருக்காது. சங்கத்துக்காரர்கள் சாப்பிட வருவார்கள், அண்ணாச்சியின் துப்பாக்கிக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானே சொல்வேன். நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்த மாட்டேன். கடைசிவரை சொல்வேன், ஒவ்வொரு வருடமும், அவர்கள் சிரிப்பை நிறுத்தி, சோற்றில் வைத்த கை வாய்க்குப் போகாமல் கேட்கிற வரைக்கும். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெஞ்சாதி,
கலாவைப் பெற்றவள்,
செல்லக்கனி