மாடிக்கு முதலில் போகும் மழைச் செய்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், சோபாப் பட்டறைச் சுவர்தான் இன்னும் காயவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மாடி பல் டாக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிடுகிறாய். அவருக்கென்ன, ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். வானிலை ஆபீசில் உட்கார்ந்து மழையைக் கணித்துச் சொல்வது என் மகள், ஆனால் நம் தெருவுக்கு மழை வருகிறது என்றால் சேதி போவது மாடிக்கு. போன வருஷம் நீ எச்சரித்த மழை நம் தெருவை விட்டுப் பக்கத்துத் தெருவில் கொட்டியது, உன் மழைக்கு விலாசம் தெரியவில்லையா என்று கிண்டல் பண்ணினேன், அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? போன வாரம் நல்ல வெயிலில் அவர் இறங்கி வந்து, "உங்க பொண்ணு இப்பதான் பேசினாங்க, சாமானையெல்லாம் மேல ஏத்திடலாம்" என்றார். அதோடு விட்டாரா, முன்பெல்லாம் ஒரு வாரம் பெய்கிற மழை இப்போது ஒரே மத்தியானத்தில் கொட்டிவிடுமாம், காற்று சூடாக ஆக நிறையத் தண்ணீரைச் சேர்த்து வைத்து மொத்தமாக இறக்குமாம், எனக்கே வகுப்பு எடுத்தார். சோபா தைத்துத் தைத்து நான் படிக்க வைத்த படிப்பை அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது! அந்த எரிச்சலில், "நான் பாக்காத மழையா, நீங்க போய்ப் பல்லைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் பெய்தது நான் பார்க்காத மழைதான். சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீர் சாக்கடையிலிருந்து வந்தது. வக்கீல் வீட்டுக்கு முடித்து வைத்திருந்த சோபா தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது, அதைத் தூக்கப் போய் வழுக்கி விழுந்தேன், எழுந்தால் இடுப்பு வரை தண்ணீர். டாக்டர்தான் வந்து என்னை மாடிக்கு இழுத்துப் போய், பல் பிடுங்குகிற நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார். நாற்காலி சுகம்தான், தையல் சுமார். அம்மா ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்ததால் உனக்குப் போன் பண்ணியதும் அவரே. நீ அழுதாயாம். எனக்காக நீ அழுத அழுகையைக்கூட அந்த ஆள்தான் முதலில் கேட்டார். விழுந்த வலி போய்விட்டது, இது போகவில்லை. இந்த வயசுல இப்படி ஒரு பொறாமையா என்று அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

தையல் மெஷினுக்கு டாக்டர் தன் முன்னறையில் இடம் கொடுத்திருக்கிறார். சும்மா வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை, அந்த நாற்காலியைப் புதிதாகத் தைத்துக் கொடுக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு, கண்ணு, உன் வேலையில் உன் பேச்சு எடுபடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த மழைக்கு முதல் போன் எனக்கு. மழை வராமலே போனாலும் சிரிக்க மாட்டேன், சாமானை ஏற்றிவிடுவேன். டாக்டருக்கு நானே படியேறிப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், என் பொண்ணு சொன்னாள் என்று.

உன் அப்பா