காய்ச்சல் கொட்டகையில் அப்பா எடுத்த படங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்காமலே நீ கிளம்பி வந்துவிடுவாய்.

இரண்டு மாதமாக ஊரில் விஷக்காய்ச்சல். ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்து, சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது என்று காவல் போட்டார்கள். உள்ளே போனால் பிணமாகத்தான் வெளியே வருவார்கள் என்று பேச்சுக் கிளம்பி, ஜனங்கள் காய்ச்சல்காரர்களைப் பரணிலும் விறகு அறையிலும் ஒளித்து வைக்க, வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. செருப்புத் தைப்பவரையும் கொட்டகைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் மனைவி அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வந்து, தங்கள் கல்யாணப் படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டாள். "அவரு போயிட்டாரு போல, முகமாவது இருக்கட்டும்" என்றாளாம். அன்று மத்தியானமே அப்பா, உள்ளே இருப்பவர்களைப் படம் எடுத்து ஊருக்குக் காட்ட டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டு, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு, "ஊர்ல யாருக்கும் இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?" என்று கத்தினேன். "வேற யாருகிட்டயும் கேமரா இல்லையே" என்றார். நான் நகர்ந்துவிட்டேன்.

மூன்று நாள் உள்ளேயே இருந்து நாற்பத்தொரு பேரைப் படம் எடுத்தார். படுத்திருந்தால் பிணம் என்பார்கள் என்று, முடிந்தவர்களைச் சாய்த்து உட்காரவைத்தாராம். அசையாமல் இருக்கச் சொன்னால் இருமல் விடுமா, பாதிப் படங்கள் கலங்கிப்போயின. அவற்றையும் கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக ஒட்டிவிட்டு, எனக்குத் தொற்றிவிடக் கூடாதென்று பதினாலு நாள் படம் கழுவும் இருட்டறையிலேயே தங்கினார். நான் சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். தெருவே கடை முன்னால் திரண்டது. செருப்புத் தைப்பவரின் படத்தில் முகமே சரியாக இல்லை, தாடியும் ஒரு புகைமூட்டமும்தான். அவர் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆடியிருக்காரு, அப்ப உசுரோடதான் இருக்காரு" என்றாள். மறுநாளிலிருந்து ஜனங்கள் ஒளித்து வைத்தவர்களைத் தாங்களே கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை, மகளே. படம் எடுத்தவர்களில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அந்த ஒன்பது படங்களையும் அப்பாவே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுகிறவர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். செருப்புத் தைப்பவர் போன வாரம் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷரிடம் எத்தனை குறை சொல்லியிருப்பேன். எப்போதும் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளேயே இருப்பவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது என்று உறைத்ததும், அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நானே எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். இளைத்திருக்கிறார், பயப்படாதே. படத்தில் தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருப்பது என் கைவண்ணம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி. படம் கிடைத்ததும் அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழவேண்டும்.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்
அம்மா